கனடாவுல பூல் ஓபனிங் தொழில்: என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

ஏப்ரல் வந்தா போதும், கோயில் பார்க்கிங்ல, பொறந்தநாள் பார்ட்டில, ராத்திரி பத்து மணிக்கு போன்ல, எங்க பார்த்தாலும் ஒரே கேள்விங்கதான். டொராண்டோவ சுத்தி ஏழு வருஷமா நீச்சல் குளம் திறந்து மூடுற வேலை பாக்குறேன், அஜாக்ஸ்ல வீடு. சொன்னதையே சொல்லி வாய் வலிக்குது, அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு பதில எழுதி வச்சிட்டேன். இனிமே கேக்குறவங்களுக்கு இதத்தான் அனுப்பப் போறேன், கோச்சுக்காதீங்க.

பூல் ஓபனிங்னா என்ன ப்ரோ, கவர எடுத்துட்டு மோட்டர போடுறதுக்கா காசு குடுக்குறாங்க?

ஆமா, ஆனா அந்த மோட்டர் அங்க முழுசா இருக்காது. இங்க குளிர்காலத்துல தண்ணி உறைஞ்சா விரிஞ்சு பைப்ப பொளந்துரும், அதனால அக்டோபர்ல தண்ணிய கீழ இறக்கி, பைப்புல காத்தடிச்சு தண்ணிய வெளியேத்தி, எல்லா ஓட்டையையும் ரப்பர் பிளக் போட்டு அடைச்சு, பம்ப், ஃபில்டர், ஹீட்டர் எல்லாத்தோட அடி மூடியையும் கழட்டி வச்சு, மேல ஒரு கவர போட்டு மூடிருவாங்க. வசந்தத்துல இதையெல்லாம் தலைகீழா ஒவ்வொண்ணா திருப்பிப் பண்ணி தண்ணிய ஓட விட்டு கெமிக்கல் சரி பண்ணிக் குடுக்குறதுதான் ஓபனிங்.

ஊர்ல இருந்து இப்பதான் வந்தவங்களுக்கு இது புரியாது, எனக்கும் புரியல. சென்னைல பூல் வருஷம் பூரா பூல்தான், இங்க அது ஏழு மாசம் தார்பாய் போத்திக்கிட்டு தூங்குற பொருள்.

சீசன் எப்ப ஆரம்பிச்சு எப்ப முடியும்? இருக்குற வேலைய விடாம வீக்கெண்ட்ல மட்டும் பண்ணலாமா?

ஏப்ரல் நடுவுக்கு முன்னாடி போனா பிளக் பனில ஒட்டிக்கிட்டு வரவே வராது. ஏப்ரல் கடைசில இருந்து ஜூன் முதல் பத்து நாள் வரைக்கும்தான் உயிர். அதுலயும் மே 25க்கு முன்னாடி வர்ற திங்கக்கிழமை விக்டோரியா டே, அந்த லாங் வீக்கெண்டுக்கு முன்னாடி திறக்கணும்னு நூத்துக்கு எண்பது பேரு கேப்பாங்க. எல்லாருக்கும் அதே வெள்ளிக்கிழமைதான் வேணும்.

வீக்கெண்ட்ல மட்டும் பண்ணலாம், முதல் வருஷம் நானும் அப்படித்தான் பண்ணேன், ஆனா ஏழு வாரத்துல சனி ஞாயிறு மொத்தம் பதினாலு நாள், அதுல மூணு நாலு நாள் மழை புடுங்கிரும். அதனால முடிஞ்சவரைக்கும் கஸ்டமர சீக்கிரம் திறக்க வைங்க. தண்ணி 15 டிகிரிய தாண்டுறதுக்குள்ள திறந்தா பாசி புடிக்காம கண்ணாடி மாதிரி இருக்கும், கெமிக்கல் செலவும் கம்மி. இத சொல்லி, மே 5க்குள்ள திறக்குறவங்களுக்கு 40 டாலர் கொறச்சுக் குடுத்தா பாதி பேரு வந்துருவாங்க, உங்களுக்கும் லாங் வீக்கெண்ட் நெரிசல் கொறையும்.

அண்ணை, இதுக்கு லைசன்ஸ் ஏதும் எடுக்கோணுமோ?

வீட்டு பூல திறந்து மூடுறதுக்குன்னு ஒண்டாரியோ மாகாணம் தனியா ஒரு லைசன்ஸ் வைக்கல. ஆனா உங்க முனிசிபாலிட்டில வியாபார லைசன்ஸ் கேப்பாங்களான்னு ஒரு போன் போட்டு கேட்டுக்குங்க, ஊருக்கு ஊரு வேற. சொந்தப் பேர் இல்லாம வேற பேர்ல தொழில் பண்ணா பேர பதிவு பண்ணணும், ஆன்லைன்ல 60 டாலர், அஞ்சு வருஷத்துக்கு செல்லும்.

தொடக்கூடாதது ரெண்டு இருக்கு. கேஸ் ஹீட்டர்ல கேஸ் பக்கம் கை வைக்க டிஎஸ்எஸ்ஏ (மாகாணத்தோட எரிபொருள் பாதுகாப்பு அமைப்பு) குடுக்குற கேஸ் டெக்னீஷியன் சான்றிதழ் வேணும். கரண்ட் வயரிங் வேலைய இஎஸ்ஏ (கரண்ட் பாதுகாப்பு அமைப்பு) லைசன்ஸ் வச்ச கான்ட்ராக்டர்தான் பண்ணணும், பிரேக்கர ஆன் பண்றது வேற, பம்புக்கு புது வயர் இழுக்குறது வேற. "சின்ன வேலதானே தம்பி, நீயே பாத்து விடு"ன்னு அங்கிள்மார் சொல்லுவாங்க. ஏதாவது ஆனா இன்சூரன்ஸ்காரன் முதல்ல கேக்குறது அந்த சான்றிதழத்தான், அங்கிள இல்ல.

இன்சூரன்ஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது, இருபது லட்சம் டாலருக்கு லயபிலிட்டி பாலிசி (நம்மால அடுத்தவங்களுக்கு சேதம் ஆனா கட்டுறது) எடுக்காம ஒரு வீட்டு கேட்டக் கூட தொறக்காதீங்க. வண்டிய தொழிலுக்கு ஓட்டுறேன்னு கார் இன்சூரன்ஸ்லயும் சொல்லிருங்க.

கையில எவ்ளோ இருந்தா ஆரம்பிக்கலாம்? என்னென்ன சாமான் வாங்கணும்?

வண்டியையும் இன்சூரன்ஸையும் விட்டுட்டுப் பார்த்தா நான் போட்டது 1,500 டாலருக்குள்ள. தண்ணிக்குள்ள இறக்குற சப்மெர்சிபிள் பம்ப், நீட்டுற கம்பு, ஆழமான இலை வலை, வேக்யூம் தலையும் 40 அடி ஹோஸும், பிரஷ், ரெண்டு கார்டன் ஹோஸ், ஷாப் வேக், பெரிய சேனல்லாக் பிளையர், ரப்பர் பூட்ஸ். மூடுற வேலைக்கு காத்தடிக்கிற புளோயர் வேணும், அத செப்டம்பர்ல வாங்கிக்கலாம்.

காசு மிச்சம் புடிக்கக் கூடாத இடம் டெஸ்ட் கிட். பேப்பர் பட்டைய நம்பி நான் ஒரு சீசன வீணாக்குனேன். டெய்லர் கே-2006 மாதிரி சொட்டு எண்ணிப் பாக்குற கிட் வாங்குங்க. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் டப்பால ஓ-ரிங், யூனியன், டிரெய்ன் பிளக், பிரஷர் கேஜ், சிலிகான் கிரீஸ் எல்லாம் சைஸ் வாரியா வச்சுக்குங்க. ரெண்டு டாலர் ஓ-ரிங் இல்லாம கடைக்கு நாப்பது நிமிஷம் போய்ட்டு வந்தா அன்னிக்கு ஒரு பூல் போச்சு. ஓ-ரிங்ல வாசலின் தடவாதீங்க, ரப்பர் ஊதிரும்.

ஒரு பூலுக்கு எவ்வளவு எடுக்கலாம்? ஒரு சீசன்ல கையில என்ன மிஞ்சும்?

நான் சாதாரண 16க்கு 32 அடி லைனர் பூலுக்கு (உள்ள பிளாஸ்டிக் ஷீட் விரிச்சது) 375 டாலரும் வரியும் வாங்குறேன், கெமிக்கல் தனி. ஓரத்துல தண்ணிப் பை வச்சு அழுத்துன பழைய கவரா இருந்தா, இல்ல தண்ணி பச்சையா இருந்தா மணிக்கணக்கு. இத முன்னாடியே எழுத்துல சொல்லிருங்க, கவர எடுத்து உள்ள இருக்குறத பார்த்ததுக்கப்புறம் விலை பேசுனா அது சண்டைதான்.

ரெண்டு பேரு சேந்தா ஒரு நாளைக்கு மூணு பூல், அதுக்கு மேல ஆசப்படாதீங்க. 401 ஹைவேல ஒரு ஆக்சிடென்ட்னா அந்த மூணும் ரெண்டாயிரும். முதல் வருஷம் 25 பூல்னு வைங்க, 9,375 டாலர். அதே 25 பேரு மூடுறதுக்கும் கூப்பிட்டா இன்னொரு 9,375. இதுல பெட்ரோல், கூட வர்றவர் சம்பளம், இன்சூரன்ஸ், உடைஞ்ச சாமான் எல்லாம் போகணும். முதல் வருஷத்துல பணக்காரன் ஆகப் போறதில்ல, லிஸ்ட் சேத்துக்கிட்டு இருக்கோம்னு நினைச்சுக்குங்க.

30 ஆயிரம் தாண்டினாத்தானே ஹெச்எஸ்டி? நமக்கு என்ன கவலை?

ஹெச்எஸ்டிங்குறது கஸ்டமர் கிட்ட வாங்கி அரசாங்கத்துக்குக் கட்டுற விற்பனை வரி. அந்த 30,000 டாலர் கணக்கு தொடர்ச்சியா நாலு காலாண்டுக்கு. ஆனா ஒரே காலாண்டுலயே 30,000 தாண்டிட்டா, தாண்ட வச்ச அந்த வேலைல இருந்தே வரி வசூலிக்கணும். நம்ம ஓபனிங் எல்லாமே ஏப்ரல், மே, ஜூன், ஒரே காலாண்டு! 80 பூல் பண்ணா 375 கணக்குல சரியா 30,000. எண்பத்தோராவது வீட்டுல போய் "இன்னிலேருந்து 13 சதவீதம் கூட"ன்னு சொன்னா நல்லாவா இருக்கும்.

நான் ரெண்டாவது வருஷமே முன்கூட்டி பதிவு பண்ணிட்டேன். பம்புக்கும் பெட்ரோலுக்கும் நம்ம கட்டுன வரி திரும்பக் கிடைக்கும். வரியா வாங்குன காச வேற அக்கவுண்ட்ல போட்டு வைங்க, அது உங்க காசு இல்ல.

முதல் கஸ்டமர் எங்க இருந்து வருவாங்க? ஃப்ளையர் அடிக்கலாமா?

ஃப்ளையர் ஏப்ரல்ல அடிச்சா லேட். இந்தத் தொழில்ல யாரும் வெளிப்படையா சொல்லாத விஷயம் இதுதான்: வசந்தத்துல பூல திறக்கப் போறது யாருங்குறது முந்தின செப்டம்பர்லயே முடிவாயிருது. யாரு மூடுனாங்களோ அவங்களத்தான் திறக்கக் கூப்பிடுவாங்க. ஏன்னா எந்த பிளக் எங்க இருக்கு, கழட்டுன சாமான் எந்த வாளில இருக்குன்னு அவனுக்குத்தான் தெரியும். அதனால உண்மையான ஆரம்பம் ஓபனிங் இல்ல, குளோசிங்.

ஏப்ரல்ல ஆரம்பிக்கிறவங்களுக்கு மிஞ்சுறது, போன வருஷம் மூடுன ஆளு போன எடுக்காத வீடுங்க, அப்புறம் புதுசா வீடு வாங்கி பூல எப்படி திறக்குறதுன்னே தெரியாத நம்ம ஜனங்க. இந்த ரெண்டாவது கூட்டம் நல்ல கூட்டம். மார்க்கம், வான், பிராம்ப்டன், மிசிசாகா பக்கம் பூலோட வீடு வாங்கிட்டு முழிக்கிறவங்க நிறைய. வீடு வித்துக் குடுக்குற நம்ம ஏஜென்ட்டுங்க நாலு பேரோட பழகி வைங்க, பத்து ஃப்ளையருக்கு சமம்.

ஒரு பூல ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் எப்படி திறக்குறதுன்னு வரிசையா சொல்லுங்களேன்

போன உடனே எதையும் தொடாம போட்டோ எடுங்க: கவர், தண்ணி மட்டம், பம்ப், ஃபில்டர், ஹீட்டர், லைனர் ஓரம். ஏன்னு பின்னாடி சொல்றேன். அப்புறம் கவர் மேல நிக்கிற தண்ணிய பம்ப் வச்சு இறைக்கணும். கறுத்த தண்ணி, அதுக்கடில அழுகுன மேப்பிள் இலை, ஊர்ல கெணறு தூர் வாரும்போது ஒரு வாடை வருமே, அதே வாடை. முதல் மாசம் நான் பம்ப போட்டுட்டு வண்டில உக்காந்து டீ குடிச்சேன், முக்கால் மணி நேரம் கழிச்சு வந்து பார்த்தா கவர் மேல தண்ணி கொறையவே இல்ல. கவர்ல ஓட்டை! பூல் தண்ணி ஓட்டை வழியா மேல வர வர பம்ப் அதையே இறைச்சுக்கிட்டு இருந்திருக்கு, ஒரு சாண் தண்ணி தோட்டத்துல. கொறையுதான்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா பாருங்க, கொறையலன்னா நிறுத்திட்டு இலைய வலையில அள்ளுங்க.

கவர ரெண்டு பேரா மடிச்சு எடுத்து, புல்லுல விரிச்சுக் கழுவி காய வச்சு மடிக்கணும். ஈரத்தோட மடிச்சா அடுத்த வருஷம் திறக்குறப்ப மூக்கப் பொத்திக்கணும். ஸ்பிரிங் போட்ட சேஃப்டி கவர்னா பித்தளை ஆங்கர எல்லாம் தரை மட்டத்துக்குத் திருகி இறக்கிருங்க, இல்லாட்டி சின்னப் புள்ளைங்க கால் இடிச்சிக்கும். அடுத்து ஸ்கிம்மர்ல (மேல மிதக்குற குப்பையோட தண்ணிய இழுக்குற சுவத்து வாய்) இருக்குற பனி தாங்குற குழாயையும், தண்ணி பூலுக்குத் திரும்பி வர்ற ரிட்டர்ன் ஓட்டைல இருக்குற பிளக்கையும் எடுத்து, கூடை, வாய் வளையம், ஏணி எல்லாம் மாட்டணும். பம்ப், ஃபில்டர், ஹீட்டர் மூணுலயும் டிரெய்ன் பிளக், பிரஷர் கேஜ். எண்ணி எடுத்து எண்ணி மாட்டுங்க, ஃபில்டர் பிளக்க மறந்துட்டு மோட்டர போட்டு ஒரு ரோஜாச் செடிய வேரோட பறக்க விட்டவன் சொல்றேன்.

தண்ணிய ஸ்கிம்மர் வாயோட பாதி வரைக்கும் நிரப்பணும். 16க்கு 32 பூல்ல ஒரு அடி ஏத்தணும்னா பதினாலாயிரத்து ஐநூறு லிட்டர் கிட்ட, கார்டன் ஹோஸ்ல ஏழு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் அங்க நிக்க முடியாது. வலை மாதிரி கவர் போட்ட வீட்டுல முந்தின நாளே ஹோஸ உள்ள விட்டு நிரப்பச் சொல்லிருங்க. கிளம்பும்போது கேட் தானா மூடி தானா பூட்டிக்குதான்னு பாருங்க, கவர் எடுத்த பூல் இருக்குற வீடு இது, வேலி கேட் சட்டப்படியும் சரியா இருக்கணும்.

மோட்டர் ஓடுற சத்தம் கேக்குது, ஆனா தண்ணி இழுக்க மாட்டேங்குது. என்ன பண்றது?

உடனே நிறுத்துங்க. தண்ணி இல்லாம ஓடுனா உள்ள இருக்குற சீல் கருகிரும். நூத்துக்கு தொண்ணூறு இது காத்து இழுக்குறதுதான். பம்ப் மூடியத் தொறந்து கூடை நிறைய தண்ணி ஊத்துங்க, மூடியோட ஓ-ரிங்க துடைச்சு சிலிகான் தடவுங்க, அடி டிரெய்ன் வால்வ மூடி ஸ்கிம்மர மட்டும் தொறந்து வச்சு ஓட விடுங்க. தண்ணி புடிச்சதுக்கப்புறம் அடி வால்வ மெதுவா தொறக்கணும், குளிர்காலத்துக்கு அந்த பைப்புல காத்த அடைச்சுத்தான் வச்சிருப்பாங்க, குபுகுபுன்னு வரும், பயப்படாதீங்க.

இன்னொண்ணு, சாண்ட் ஃபில்டர்ல தண்ணி போற வழிய மாத்துற மல்டிபோர்ட் வால்வோட கைப்பிடிய மோட்டர் ஓடும்போது திருப்பவே கூடாது. உள்ள சிலந்தி மாதிரி ஒரு ரப்பர் இருக்கு, பிஞ்சிரும். அப்புறம் ஃபில்டர கழுவுன தண்ணி வெளிய போற பேக்வாஷ் பைப்புல எப்பவும் தண்ணி ஒழுகிக்கிட்டே இருக்கும்.

கெமிக்கல் எந்த வரிசையில போடணும்?

முதல்ல ஒரு நாள் தண்ணி சுத்தட்டும், அதுக்கு முன்னாடி எடுக்குற டெஸ்ட் பொய் சொல்லும். அப்புறம் ஆல்கலினிட்டி 80ல இருந்து 120, பிஹெச் 7.4 ஒட்டி, அதுக்கப்புறம் குளோரின். நான் சொன்ன சைஸ் பூல் சுமார் 70,000 லிட்டர், அதுல 10.8 சதவீத லிக்விட் குளோரின் 10 லிட்டர் ஊத்துனா ஏறக்குறைய 15 பிபிஎம் (பத்து லட்சத்துல 15 பங்கு) ஏறும், தெளிவா இருக்குற பூலுக்கு அதுவே தாராளம். வெயில்ல குளோரின் அழியாம காக்குறதால பாதுகாப்பு மருந்துன்னு நாம சொல்ற சயனூரிக் ஆசிட் 30ல இருந்து 50.

உப்பு பூல் வச்சிருக்கிறவங்க "எங்களுக்கு குளோரினே வேணாம்"பாங்க. உப்புல இருந்து குளோரின் செய்யுற அந்த உப்பு செல்லு, தண்ணி 15 டிகிரி பக்கம் வந்தாத்தான் ஒழுங்கா வேலை செய்யும், மே மாசத் தண்ணி அவ்ளோ சூடா இருக்காது. அதுவரைக்கும் லிக்விட்தான்.

டிக்கில குளோரினும் ஆசிட்டும் சேத்து கொண்டு போகலாமா?

கூடாது. ரெண்டும் சேந்தா வர்றது குளோரின் வாயு, மூடுன வண்டிக்குள்ள அத மூச்சுல இழுத்தா ஆஸ்பத்திரிதான். தனித்தனி தொட்டில, நிக்க வச்சு, அந்தந்த நாளைக்கு வேணுங்கிறத மட்டும் எடுத்துட்டுப் போங்க, வெயில்ல வண்டிக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க. அளவு கூடுனா ஆபத்தான சரக்கு ஏத்துற ஃபெடரல் சட்டம் வேற வரும்.

இதவிட பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. மாத்திரையா வர்ற டிரைக்ளோரும், பொடியா வர்ற கால்-ஹைப்போவும் ரெண்டுமே "குளோரின்"தான்னு ஒரே கரண்டில அள்ளுவாங்க. ரெண்டும் கலந்தா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். மாத்திரையில கொஞ்சமா ஈரம் பட்டாலே என்ன ஆகும்னு 2020 ஆகஸ்ட்ல லூசியானாவுல லாரா புயல் காட்டுச்சு, கூரை பிஞ்சு மழைத் தண்ணி உள்ள போனதுல ஒரு பூல் மாத்திரை ஃபேக்டரியே எரிஞ்சு, அடுத்த வருஷம் பூரா மாத்திரை தட்டுப்பாடு. எப்பவும் கெமிக்கல தண்ணில போடுங்க, கெமிக்கல் மேல தண்ணிய ஊத்தாதீங்க.

தண்ணி கரும் பச்சை. மொத்தமா இறைச்சிட்டு புதுசா விட்டா ஈஸிதானே அண்ணா?

ஈஸிதான், அப்புறம் புது லைனர் வாங்கித் தர்றதுக்குத் தயாரா இருந்தா. வசந்தத்துல பனி உருகி நிலத்தடி நீர் மேல வந்திருக்கும், உள்ள தண்ணி எடை இல்லன்னா வெளித் தண்ணி லைனர உப்ப வச்சு மடிப்பு மடிப்பா ஆக்கிரும். கான்கிரீட் பூல்னா மொத்தத் தொட்டியே மண்ணுல இருந்து மேல எழும்பிரும், சும்மா சொல்லல. பாசிய குளோரினால கொன்னு, பிரஷ் போட்டு, வால்வ வேஸ்ட்ல (ஃபில்டருக்குப் போகாம நேரா வெளிய போற வழி) வச்சு வேக்யூம் பண்ணி வெளியேத்தணும், ரெண்டு மூணு நடை ஆகும், அதுக்குத்தான் மணிக்கணக்கு.

வெளியேத்துற தண்ணிய ரோட்டோர சாக்கடைல விடாதீங்க. அந்தக் கம்பி மூடி நேரா ஓடைக்கும் ஏரிக்கும் போகுது, குளோரின் தண்ணியோ உப்புத் தண்ணியோ அதுல விட்டா பைலா (ஊர் நிர்வாகத்தோட விதி) அபராதம், உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் சேத்து. எங்க விடலாம்னு அந்தந்த ஊர் பைலால இருக்கு, பேக்வாஷ் தண்ணிக்கும் இதே கதைதான்.

குளோரின் கொட்டிக்கிட்டே இருக்கேன், அரை மணி நேரத்துல டெஸ்ட்ல ஜீரோ காட்டுது. ஏமாத்து சரக்கா?

சரக்கு மேல தப்பு இருக்காது. போன வருஷம் சயனூரிக் ஆசிட் 50 இருந்துச்சுன்னு கஸ்டமர் சொல்லுவாரு, இப்ப பார்த்தா பூஜ்யம். குளிர்காலத்துல குளோரின் இல்லாத தண்ணில ஒரு வகை பாக்டீரியா அத தின்னு அம்மோனியாவா மாத்திரும். அந்த அம்மோனியா தீர்ற வரைக்கும் நீங்க ஊத்துறத எல்லாம் குடிச்சிரும், ஒரு பிபிஎம் அம்மோனியாவுக்கு பத்து பிபிஎம் குளோரின் கிட்ட வேணும்.

அதனால 10 பிபிஎம் அளவு லிக்விட் ஊத்துங்க, பத்து நிமிஷம் கழிச்சு பாருங்க, காணாம போயிருந்தா திரும்ப ஊத்துங்க, நிக்க ஆரம்பிக்கிற வரைக்கும். கஸ்டமர் கிட்ட முதல்லயே விஷயத்தைச் சொல்லிட்டு ஊத்துங்க, இல்லாட்டி ஆறு கேன் பில்ல பார்த்ததும் நீங்க கேட்ட "ஏமாத்து சரக்கா"ங்குற கேள்விய அவரு உங்ககிட்ட கேப்பாரு.

குளோரின் போட்டதும் தண்ணி டீ கலர் ஆயிருச்சு, வீட்டம்மா அழுறாங்க!

அவங்களுக்கு கெணத்துத் தண்ணியா? கேலிடன், அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் இது சகஜம். தண்ணில கரைஞ்சிருந்த இரும்பு குளோரின் பட்டதும் துருவாகி கலர் குடுக்குது. குளோரின நிறுத்திட்டு இரும்ப புடிச்சு வைக்கிற மருந்து போட்டு ஃபில்டர ஓட்டுங்க, ரெண்டு மூணு நாள்ல தெளியும். கெணத்துத் தண்ணி வீடுன்னா முதல்லயே கேட்டு, நிரப்பும்போதே அந்த மருந்த போட்டுருங்க.

நான் போறதுக்கு முன்னாடியே ஃபில்டர் வால்வ் உடைஞ்சிருந்துச்சு, என்னைத்தான் காசு கேக்குறாங்க. என்ன செய்ய?

எனக்கும் நடந்திருக்கு. ரெண்டாவது வருஷம், வேற யாரோ மூடுன பூல், மோட்டர போட்டதும் மல்டிபோர்ட் அடியில மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல்ல இருந்து தண்ணி பீச்சி அடிச்சுது. உள்ள தங்குன தண்ணி ஜனவரில உறைஞ்சு பொளந்தது, பார்த்தவங்களுக்குத் தெரியும். ஆனா மூடுன ஆளு "உடைச்சது நான் இல்ல"ன்னுட்டான், என்கிட்ட ஒரு போட்டோ கூட இல்ல, கைக்காச போட்டு மாத்திக் குடுத்தேன், நானூறு டாலருக்கு மேல.

அன்னிலேருந்துதான் ஓபனிங் வரிசைல முதல் வேலையா போட்டோன்னு சொன்னது. அடுத்தவன் மூடுன பூலுக்கு ஒரு பக்கம் காகிதத்துல "உறைபனியால முன்னாடியே ஏற்பட்ட உடைசலுக்கு நான் பொறுப்பில்ல"ன்னு கையெழுத்து வாங்குங்க. விரிசல் இருந்தா மோட்டர் போடுறதுக்கு முன்னாடியே வீட்டுக்காரர கூப்பிட்டு விரல வச்சுக் காட்டுங்க. நீங்களே மூடுனதா இருந்து உடைஞ்சிருந்தா பேசாம மாத்திக் குடுத்துருங்க, அதுல வாதம் பண்ணாதீங்க.

மச்சானுக்கு கேஷ் குடுத்து கூட்டிட்டுப் போனா போதாதா? எதுக்கு பேப்பர் எல்லாம்?

வழுக்குற கவர புடிச்சு இழுக்குற வேலை, மச்சான் இடுப்பு புடிச்சுக்கிட்டா யாரு பாப்பாங்க? முதல் ஆள வேலைக்கு வச்ச பத்து நாளுக்குள்ள டபிள்யூஎஸ்ஐபில (வேலைல அடிபட்டவங்களுக்கு காசு குடுக்குற மாகாண இன்சூரன்ஸ்) பதிவு பண்ணணும். தங்கச்சி முகத்துல முழிக்கணும்ல.

நான் ஒர்க் பெர்மிட்ல இருக்கேன், இந்தத் தொழில் பண்ணலாமா?

பெர்மிட்ல ஒரு கம்பெனி பேர் போட்டிருந்தா அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான் வேலை பாக்கலாம், சைடுல பூல் பண்ணக்கூடாது. ஓபன் பெர்மிட்னா பண்ணலாம். ஆனா படிச்சு முடிச்சு வந்த பெர்மிட்ல பிஆருக்கு (நிரந்தரமா தங்குற உரிமை) எக்ஸ்பீரியன்ஸ் சேக்குற புள்ளைங்க கவனமா கேளுங்க, இங்க வேலை பாத்த அனுபவத்த வச்சு பிஆர் குடுக்குற கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ்ல சொந்தத் தொழில் அனுபவம் கணக்குல வராது. ஒரு வருஷத்த இதுல விட்டுட்டு அப்புறம் என்கிட்ட அழுதா நான் என்ன பண்ண முடியும், லைசன்ஸ் உள்ள கன்சல்டன்ட்ட பாருங்க.

ஒரு காண்டோக்காரர் எங்க பில்டிங் பூலையும் பாருங்கன்னு கேட்டாரு. ஒத்துக்கலாமா?

முதல் வருஷம் வேணாம். காண்டோ (அடுக்குமாடி வீடு), ஹோட்டல், மோட்டல் பூல் எல்லாம் ஒண்டாரியோ ரெகுலேஷன் 565 கீழ வருது, பப்ளிக் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வருவாரு, தினசரி பதிவேடு, எமர்ஜென்சி சாமான், எல்லாத்துக்கும் விதி இருக்கு. ரெண்டு நாள் கோர்ஸ், பரீட்சை எழுதி சிபிஓங்குற பூல் பராமரிப்பு சான்றிதழ் வாங்குனா அஞ்சு வருஷத்துக்கு செல்லும், அதுக்கப்புறம் யோசிங்க. வீட்டு பூல் மட்டும் பண்றவங்களுக்கும் அந்தக் கோர்ஸ் நல்லது, நான் நாலாவது வருஷம்தான் போனேன், முன்னாடியே போயிருந்தா அம்மோனியா விஷயத்துல மண்டைய பிச்சிக்கிட்டிருக்க மாட்டேன்.

சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "சும்மா பண்ணித் தா"ங்குறாங்க, எப்படி சமாளிக்கிறது?

சும்மா பண்ணலாம், லாங் வீக்கெண்ட் முடிஞ்சதுக்கப்புறம். இதுவே என் விதி. "ஜூன் ரெண்டாவது வாரம் வந்து பண்ணித் தர்றேன் சித்தப்பா"ன்னு சொன்னா பாதி பேரு மே மாசமே காசு குடுத்துருவாங்க, மீதி பேருக்கு ஜூன்ல நிம்மதியா பண்ணிக் குடுத்துட்டு மீன் குழம்பு சாப்பிட்டு வரலாம்.

கவருக்கு அடில செத்த எலி, தவளை எல்லாம் கிடக்குமாமே?

கிடக்கும். உயிரோட இருக்குற தவளையும் கிடக்கும், அத வாளில எடுத்து விட்டுட்டு வேலையப் பாருங்க. ரக்கூன் ஒரே ஒரு தடவ பார்த்தேன், அதப் பத்தி எழுத வேணாம்னு வீட்டுல சொல்லிட்டாங்க.

மிச்ச மாசம் எல்லாம் என்ன பண்றது அண்ணே? இஐ கிடைக்குமா?

சொந்தத் தொழில்காரங்களுக்கு சீசன் முடிஞ்சா வழக்கமான இஐ (வேலை போனவங்களுக்கு அரசாங்கம் குடுக்குற காசு) கிடையாது, அத நம்பி இறங்காதீங்க. ஜூன் நடுவுல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் வாரா வாரம் போய் கிளீன் பண்ற வேலை புடிக்கலாம், திறந்த வீட்டுல பத்துக்கு ரெண்டு பேராவது கேப்பாங்க. நவம்பருக்கு அப்புறம் எனக்கு ஸ்நோ தள்ளுற கான்ட்ராக்ட், அதே தெருவுங்க, அதே ஆளுங்க.

ஆனா நடுவுல இருக்குற செப்டம்பர், அக்டோபர விட்றாதீங்க. லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கக்கிழமை) முடிஞ்ச செவ்வாக்கிழமை காலைல உக்காந்து, வசந்தத்துல திறந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, தேங்க்ஸ்கிவிங்குக்கு (அக்டோபர் ரெண்டாவது திங்கக்கிழமை) முன்னாடி மூடுறதுக்கு ஒரு தேதி குடுங்க. முதல் கஸ்டமர் பத்தின கேள்வில ஏன்னு சொல்லிட்டேன். அந்த போன் முடிஞ்சதும் காலண்டர்ல அடுத்த ஏப்ரல் பக்கத்துலயும் அதே பேர எழுதிருங்க, பென்சில்ல.